இருநூற்று ஐம்பது கோடுகள்

ஐந்தரை மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டான் இருதயராஜ். மணி ஆறே கால் ஆகியும் நோட்டில் ஒரு கோடு விழவில்லை. பக்கத்தின் தலையில் தேதி எழுதியாயிற்று. ஊர், நம்சோலா என்று எழுதியாயிற்று. அதன் கீழே ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டாயிற்று. இனி யாராவது வர வேண்டும். வருகிறவள் அடிபம்பை அடித்து, வாளியை நிரப்பி, தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பினால் ஒரு கோடு. நான்கு கோடுகள் நெட்டுக்கு நின்றால் ஐந்தாவது குறுக்கே. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இப்படியே போட்டுக்கொண்டு போய்க் கடைசியில் ஐந்தைந்தாகக் கூட்டினால் இருநூற்று ஐம்பது வர வேண்டும். ஒரு பம்புக்கு ஒரு நாளில் இருநூற்று ஐம்பது பேர் என்பது நன்கொடை தருகிறவர்கள் வகுத்த அளவு. அது வந்தால், மலாவி நாட்டின் நடுப்பகுதியில் அவனுடைய தொண்டு நிறுவனம் இந்த ஒரு வருடமாகச் செய்த வேலை வெற்றி. மலைக்கு அந்தப் பக்கம் காத்திருக்கிற பதினோரு ஊர்களுக்கும் அடுத்த வருடம் பம்பு உண்டு. வராவிட்டால், படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. 'மக்களின் ஒத்துழைப்பு இல்லை.' அதில் ஒரு டிக் அடித்தால் போதும், பதினோரு ஊரும் பட்டியலிலிருந்து போய்விடும். 'இடம் பார்த்தவன் தப்பாகப் பார்த்துவிட்டான்' என்று ஒரு கட்டம் ஏன் இல்லை என்று அவன் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தான். படிவத்தை அச்சடித்தவர்கள் அப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இவனும் நினைக்கவில்லையே. சிமெண்டு மேடையின் விளிம்பு உட்கார உட்காரக் குளிர்ந்தது. பம்பின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. அடித்திருந்தால்தானே சொட்டும். மூக்குக்கு நேர் கீழே, தண்ணீர் விழுந்து விழுந்து சிமெண்டு கறுத்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. அதை அவன் வந்தவுடனேயே பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, நேற்று ராத்திரி பின்னியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். சிலந்திக்கு ஒரு ராத்திரி போதும். போதுமா? போதும்.

ஊர் விழித்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. நானூறு அடி தள்ளி, வீடுகளின் கூரைக்கு மேலே புகை கிளம்பியது. உரலில் மக்காச்சோளம் இடிக்கிற சத்தம் இரண்டு இடத்தில் கேட்டது, ஒன்று விட்டு ஒன்று, இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல. மாவு இடிக்கிறார்கள் என்றால் உலை வைக்கப்போகிறார்கள். உலை வைக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து என்றும் அவனுக்குத் தெரியும். கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் வறண்ட ஓடை. அதன் மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டினால் பால் கலந்ததுபோல ஒரு தண்ணீர் ஊறும். அதை ஓட்டாஞ்சில்லால் மொண்டு மொண்டு வாளியில் ஊற்ற வேண்டும். மாடும் அங்கேதான் குடிக்கும். இந்த ஓடையை ஒழிக்கத்தானே வந்தோம் என்று நினைத்தான். வைசனை இன்றைக்கு வேண்டாம் என்று அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. வைசன் அவனுடைய மொழிபெயர்ப்பாளன், வண்டியோட்டி, எல்லாம். மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டான். அவன் பக்கத்தில் நின்றால் பெண்கள் பதில் சொல்லும் முன் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒரு வருடத்தில் இருதயராஜுக்கே கால்வாசிக்கு மேல் சிச்சேவா மொழி வந்துவிட்டது. மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஊகித்துத்தானே எல்லாமும் செய்தான். பிப்ரவரியில் முதன்முதலாக இந்தப் பக்கம் வந்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம் குன்றுகள் மொட்டையாகக் கிடந்தன; எல்லா மரத்தையும் வெட்டிக் கரியாக்கி விற்றுவிட்டார்கள். அந்த மொட்டைத் தலையில் விட்டுவைத்த குடுமிபோல இந்த ஒரு தோப்பு மட்டும் நின்றது. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள். பக்கத்திலேயே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கரையான் புற்று. பார்த்ததும் அவன் மனம் துள்ளியது. மரம் இவ்வளவு செழித்திருக்கிறது என்றால் வேர் ஈரத்தைத் தொட்டிருக்கிறது. புற்று இருக்கிறது என்றால் ஈரம் மேலேயே இருக்கிறது. கருவி வைத்துப் பார்த்தான், கருவியும் அதையே சொன்னது. ஜூலையில் துளை போட்டபோது முப்பத்தெட்டு மீட்டரில் தண்ணீர் பீறிட்டது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். பரிசோதனைக்கு அனுப்பியதில் ஒரு குறை இல்லை. இந்தத் தண்ணீர் உப்பாக இருந்திருக்கலாம், துருவாக இருந்திருக்கலாம். அப்படி ஏதாவது இருந்திருந்தால் தண்ணீர்மேல் பழியைப் போட்டிருக்கலாம். சுற்றிலும் ஒரு குச்சி விடாமல் வெட்டியவர்கள் இதை மட்டும் ஏன் வெட்டவில்லை என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, ஆறாம் வகுப்புப் பையனுக்கும் தோன்றியிருக்கும். அவனுக்குத் தோன்றவில்லை. இந்த இடம் சரிதானா என்று ஊர்த்தலைவி நச்சிசாலேயிடம் கேட்டான். அறுபது வயது, தோள் அகன்றவள், அந்தப் பக்கத்தில் பெண்கள் தலைவியாக இருப்பது வழக்கம்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். ஒரு காகம் மூன்று தடவை கத்துகிற நேரம். பூரிப்பில் வாயடைத்து நிற்கிறாள் என்று அவன் நினைத்தான். பிறகு அவள் ஒரு பழமொழி சொன்னாள், வைசன் சிரித்துக்கொண்டே பெயர்த்துச் சொன்னான்: வந்தவன் கையில்தான் கூரான சவரக்கத்தி இருக்கும். ஊராருக்குத் தெரியாத வழி விருந்தாளிக்குத் தெரியும் என்று அர்த்தமாம். இருதயராஜ் அதை அரையாண்டு அறிக்கையின் முதல் வரியாக எழுதினான். நிறுவனத்தார் அதை வண்ணக் கட்டம் கட்டி அச்சடித்தார்கள்.

பையைத் தொட்டுப் பார்த்தான். குவளை இருந்தது. துண்டில் சுற்றி வைத்திருந்தும் விளிம்பு கையில் தட்டியது. அதையும் அன்றைக்குத்தான் எடுத்தான், பிப்ரவரியில், அதே பகல். தோப்பின் ஓரமாக நடந்தபோது ஒரு சின்ன மண்மேட்டின்மேல் கவிழ்ந்து கிடந்தது. வெள்ளைப் பீங்கான் பூச்சு, நீல விளிம்பு, அடியில் ஒரு ஓட்டை. ஓட்டையாகிவிட்டது என்று யாரோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள், ஆனால் நன்றாக இருக்கிறதே, பேனா போட்டு வைக்கலாமே என்று தோன்றியது. கைக்குட்டையால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒன்பது மாதம் அது அவன் மேஜைமேல் இருந்தது. வைசன் பெட்ரோல் நோட்டில் கையெழுத்துப் போட தினமும் அதிலிருந்து பேனா எடுப்பான். இரண்டு விரலால், குவளையைத் தொடாமல், பேனாவை மட்டும் உருவுவான். என்ன சுத்தமான கை என்று இருதயராஜ் நினைத்துக்கொள்வான். இரண்டு வாரத்துக்கு முன்னால், அவன் தங்கியிருக்கிற மிஷன் ஆஸ்பத்திரியின் காவலாளி ஒருவர் இறந்துபோய், வேறொரு ஊரில் அடக்கத்துக்குப் போனார்கள். மண்ணை மூடி மேடு தட்டிய பிறகு ஒருவன் இறந்தவருடைய தட்டைக் கவிழ்த்து வைத்து, ஆணியை நிறுத்தி, கல்லால் தட்டினான். டொக், டொக். மூன்றாவது தட்டில் ஓட்டை விழுந்தது. தட்டை மேட்டின்மேல் வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்தான். ஏன் என்று கேட்டான் இருதயராஜ். உயிரோடு இருக்கிறவர்கள் இனி அதில் சாப்பிடக் கூடாது என்பதற்காக என்றான் வைசன். அப்போதுதான் அவன் அந்த இடுகாட்டைச் சுற்றிப் பார்த்தான். பெரிய மரங்கள். இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரங்கள். யாரும் வெட்டாத மரங்கள். திரும்பி வரும்போது நாற்பது கிலோமீட்டரும் வைசனின் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்திருந்தான். ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான் வாய் வந்தது. என் மேஜைமேல் இருக்கிறதே, அது? ஆமாம் என்றான் வைசன். பம்பு இருக்கிற தோப்பு? ஆமாம். ஏன் சொல்லவில்லை? வைசன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"அன்றைக்கு நீங்கள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தீர்கள், பாம்போ."

பாம்போ என்றால் அப்பா. மரியாதைக்குரிய ஆணை அப்படித்தான் அழைப்பார்கள். வைசனைவிட இருதயராஜ் மூன்று வயது இளையவன். அந்தப் பதில் பல்லிடுக்கில் சிக்கிய நார்போல இரண்டு வாரமாகக் கூடவே இருக்கிறது. நாக்கு போய்ப் போய் அதையே தொடுகிறது. சந்தோஷமாக இருந்தேன். ஆமாம், இருந்தேன். அதில் என்ன குற்றம். மணி ஆறரை. உரல் சத்தம் ஒன்று நின்றுவிட்டது. இன்னொன்று மட்டும் பதில் வராத பேச்சுபோலத் தொடர்ந்தது. ஆனாலும் பழகியிருப்பார்களே, ஜூலையிலிருந்து நவம்பர், ஐந்து மாதம், இத்தனை வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறவள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சலித்துப்போய் இங்கே வந்திருப்பாளே. அம்மா குடிக்கவில்லையா. நான் குடிக்கவில்லையா. இந்த இடத்துக்கு வந்ததும் அவன் நினைவு எப்போதும் ஒரு அடி பின்வாங்கும், கிணற்று விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறவன் மாதிரி. இன்றைக்கு யாரும் வராததால் எட்டிப் பார்த்தான். முதுகுளத்தூருக்குத் தெற்கே அவன் ஊர். ஊர்க் கிணறு ஊருக்கு. காலனிக்காரர்கள் அதன் நிழலைக்கூடத் தொட முடியாது. ரொம்ப வருடம் மனுக் கொடுத்து, காலனிக்கென்று ஒரு கிணறு வெட்டினார்கள். எங்கே? சுடுகாட்டு ஓரத்தில். அந்த இடத்தைத்தான் ஊரில் யாரும் வேண்டாம் என்றார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சாம்பல் பறந்து வந்து தண்ணீரில் விழும். அம்மா முந்தானையை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டுவாள். பிறகு அந்த முந்தானையை உதறுவாள், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். கிணற்றைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தார். குடை நிழலில் மேஜை போட்டு, பதிவேட்டை விரித்து உட்கார்ந்தார். காலனி முழுக்கக் குடத்தோடு வரிசையில் நிற்க வைத்தார்கள். ஏழு வயது இருதயராஜும் ஒரு செம்போடு நின்றான். ஒவ்வொருவராகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மேஜையைத் தாண்டிப் போக, அவர் டிக் அடித்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. அவருடைய வகிடு மட்டும்தான் தெரிந்தது. எண்ணெய் தடவி, நூல் பிடித்ததுபோல நேரான வகிடு. தண்ணி எப்படி என்று பதிவேட்டிடம் கேட்டார். அம்மா, சக்கரையா இருக்குங்கய்யா என்றாள். வீட்டுக்கு வரும் வழியில், ஏம்மா பொய் சொன்ன என்று இவன் கேட்டான். அவள் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "குடுத்தவன் மூஞ்சியப் பாத்து வேணாம்னு சொல்றதுக்கு நமக்கு வேற கெணறு இருக்காய்யா" என்றாள். அவ்வளவுதான். அந்த அதிகாரிக்குத் தெரியவே தெரியாது. காலனிச் சனங்களுக்கு நல்ல தண்ணீர் கொடுத்தோம் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அவருக்குத் தெரியாது என்பதுதான் இருதயராஜுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் நிலவியல் படித்தான். தெருவின் நடுவில், வீட்டு வாசலில் கிணறு வெட்டுவேன் என்று படித்தான். இந்த வேலைக்கான நேர்காணலில் இதையே சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாலாயிரம் மைல் சுற்றி வந்து நீ என்ன செய்தாய், இருதயம்? யாரும் வேண்டாம் என்று விட்டுவைத்த இடமாகப் பார்த்துக் கிணறு போட்டாய்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேச்சுக் குரல் கேட்டது. பாதையின் வளைவில் முதலில் ஒரு நீல வாளி தெரிந்தது, பிறகு அதன் கீழே டோரிக்கா. உயரமானவள், முதுகில் குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, இன்னொருத்தி, மக்காச்சோளச் சக்கையை மூடியாகச் செருகிய மஞ்சள் கேனோடு ஒரு வயதானவள், பிறகு எண்ண முடியாமல் ஒரு கூட்டம்.  வந்துவிட்டார்கள். அவர்கள் குனிந்து, மெல்லக் கைதட்டி வணக்கம் சொன்னார்கள், அவனும் கைதட்டினான். கைப்பிடி ஏறி இறங்கியது. முதல் ஏழெட்டு அடிக்கு வெறும் காற்று வந்தது, குழாய் ஏப்பம் விட்டது, பிறகு தண்ணீர் வந்து சிலந்தி வலையை அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு கோடு. இரண்டு. மூன்று. நான்கு. குறுக்கே. பென்சிலை அவன் அழுத்திப் பிடித்திருந்ததில் காகிதம் பள்ளம் விழுந்தது. டோரிக்கா வாளியைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவன் எதிரில் நின்றாள். என்ன என்று பார்த்தான். அவள் நோட்டைத் தாடையால் காட்டினாள். தனக்குரிய கோடு விழுந்ததா என்று உறுதி செய்துகொண்டுதான் நகர்ந்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் அப்படியே செய்தார்கள்: நிரப்புவது, ஏற்றுவது, நிற்பது, கோடு விழுந்ததும் போவது. பையிலிருந்து அவனுடைய தண்ணீர் பாட்டிலின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது, மிஷன் ஆஸ்பத்திரியில் பிடித்தது. மஞ்சள் கேன்காரி அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாதிதான் புரிந்தது. சமையல்காரர் அடுத்த வீட்டில் சாப்பிடுகிறார் என்பதுபோல ஒரு கேலி. அவனும் சிரித்தான். பாட்டிலை உள்ளே தள்ளினான். பதினைந்து, இருபது, இருபத்தைந்து. வெயில் முதுகில் ஏறியது, அது இதமாக இருந்தது. மரணம் மரணம் என்று நான்தான் இரண்டு வாரமாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன், இவர்கள் எளிய மனிதர்கள், தாகம் என்றால் தண்ணீர். அறிக்கையின் கடைசி வரியாக இதைப் போடலாமா? தாகம் என்றால் தண்ணீர். வேண்டாம், வைசனிடம் ஒரு நல்ல பழமொழி கேட்டுப் போடலாம். முப்பது. முப்பத்தொன்று.

முப்பத்து நான்காவது வாளி நீலம். நீல வாளிகள் எவ்வளவோ இருக்கும், சந்தையில் அந்த நீலம்தான் கிடைக்கிறது. ஆனால் இதன் இடுப்பில் ஒரு சிவப்பு ஒட்டு இருந்தது. வெடித்த இடத்தில் சிவப்புப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டி, சூடு ஆறும் முன் கட்டைவிரலால் அமுக்கியிருந்தார்கள், ரேகைகூடத் தெரிந்தது. அந்த ரேகையை அவன் ஏற்கனவே பார்த்திருந்தான். முதல் கோட்டில். நிமிர்ந்து பார்த்தான். டோரிக்கா வேறெங்கோ பார்த்தாள். முதுகில் இருந்த குழந்தை மட்டும் அவனைப் பார்த்தது. வீடு நானூறு அடி. போய் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம், இரண்டு வாளி வேண்டியிருக்கும், துணி துவைக்கிற நாளாக இருக்கும். அடுத்து மஞ்சள் கேன் வந்தது, அதே சக்கை மூடி. அப்புறம் காது உடைந்த அலுமினியப் பானை, அதுவும் வந்ததுதான். அவன் கை கோடு போட்டுக்கொண்டே இருந்தது, கண் மட்டும் அவர்கள் பின்னால் போயிற்று. பாதையின் வளைவு வரை வீட்டுப் பக்கம் போனார்கள். வளைவைத் தாண்டியதும் தலைகள் இடது பக்கம் திரும்பின. வாளிகள் தோப்பின் மறுபக்கத்தில் அடிமரங்களுக்கு இடையே ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்து மறைந்தன. சற்று நேரத்தில் ஒரு சத்தம், மண்ணில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. வெற்று வாளியோடு அவர்கள் மறுபடி பாதைக்கு வந்தபோது பாதங்கள் சேறாக இருந்தன. அவர்கள் போகிற வழியை அவன் ஏன் முதல் சுற்றிலேயே பார்க்கவில்லை? முதல் சுற்றில் கோட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்று. நிறுத்து என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் பிடிபட்டவர்கள் ஆவார்கள், இத்தனை பேரும், குழந்தையோடு இருப்பவள், வயதானவள். சொல்லாவிட்டால் நான். நாற்பத்திரண்டு. 

தலைவி நச்சிசாலே தன் முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். கைதட்டினாள். தூங்கினீர்களா என்று கேட்டாள், தூங்கினேன் என்றான். நீங்கள் தூங்கியிருந்தால் நானும் தூங்கினேன் என்று முறைப்படி சொன்னாள். பிறகு மெதுவாக, அவனுக்குப் புரியும்படி சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். விடியலிலிருந்து ஒருவர் பம்படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று பிள்ளைகள் வந்து சொன்னார்களாம். விருந்தாளியை அப்படி உட்கார வைப்பது ஊருக்கு அவமானமாம். ஓடைக்குப் போனவர்களைப் பாதி வழியில் திருப்பிக் கூப்பிட்டாளாம். அவன் பையைத் திறந்து, துண்டைப் பிரித்து, குவளையை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். மன்னிப்பு என்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் கற்று வைத்திருந்தான், அது வரவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை. நீல விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என் தங்கையுடையது. உங்களுக்குக் குவளை இல்லைபோல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்."

அவன் தரையைப் பார்த்தான். தண்ணீரை எங்கே ஊற்றுகிறார்கள் என்று கேட்டான். மரத்தடியில் என்றாள் அவள், அடுத்த வயலின் வரப்பைக் காட்டுகிற குரலில். அது இறந்தவர்களுடைய தண்ணீர், எடுத்ததை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும்.

"பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாமே, அமாயி" என்றான். அமாயி என்றால் அம்மா.

"சொன்னேனே." அவள் குவளையை மடியில் வைத்துக்கொண்டாள். "எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தேன். ஒரு தலைவி அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தால் வேண்டாம் என்றுதானே அர்த்தம். நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். முகம் வாடிப்போகக் கூடாதே என்றுதான் பழமொழி சொன்னேன்."

காகம் மூன்று தடவை கத்துகிற நேரம். அதுதான் பதில். அது காதில் விழாமல் பழமொழியை வண்ணக் கட்டத்தில் போட்டாயிற்று. இதற்குள் கோடு அறுபத்தாறு ஆகியிருந்தது; டோரிக்கா மூன்றாவது சுற்று வந்து நின்றாள். அவன் பென்சில் அசையவில்லை. அவள் நகரவில்லை. தலையில் வாளி, வாளியில் தண்ணீர் தளும்பி அவள் நெற்றியில் வழிந்தது. தலைவி அவளைப் பார்த்து, இவனைப் பார்த்து, தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அந்தச் சீமையில் ஆண்தான் கல்யாணம் ஆனதும் மனைவியின் ஊருக்குப் போவான். அவள் மகன் போன ஊர் மலைக்கு அந்தப் பக்கம், அந்தப் பதினொன்றில் ஒன்று. அங்கே சேற்றுத் தண்ணீர் குடித்துப் போன மழைக்காலத்தில் ஒரு பேத்தியைப் புதைத்தார்கள். இப்போது இன்னொரு பேத்தி நடக்கப் பழகுகிறாள். போன வாரம் அந்த ஊரிலிருந்து ஆள் வந்தது. நம்சோலாவில் அந்த மனிதருடைய நோட்டு நிறைந்தால்தான் தங்களுக்குப் பம்பு என்று வைசன் சொன்னானாம், அதை எப்படியாவது நிறைத்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்களாம்.

"எத்தனை கோடு வேண்டும், பாம்போ? சொல்லுங்கள். அத்தனை தடவை வருகிறோம்."

"நிறைந்தால் உங்களுக்கு?" என்று கேட்டான்.  இந்த ஊரில் பம்பு ஓடுகிறது என்று எழுதிவிட்டால், இருநூற்று ஐம்பது பேர் குடிக்கிறார்கள் என்று எழுதிவிட்டால், இனி எந்த வண்டியும் இந்த ஊரில் நிற்காது.

"எங்களுக்குத்தான் கொடுத்துவிட்டீர்களே" என்றாள் நச்சிசாலே. அதில் கேலி இருக்கிறதா என்று அவன் அவள் முகத்தில் தேடினான். இல்லை. இருந்திருந்தால் தேவலை.

உண்மையை எழுதலாம். பத்துப் பக்கம் எழுதலாம், தோப்பு, தட்டு, ஆணி, நிறைய எழுதலாம். எழுதியவர்களின் கதை அவனுக்குத் தெரியும்; வடக்கே ஒருவர் எழுதினார், நன்கொடை தருகிறவர்கள் வேலை முழுவதையும் நிறுத்திவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். இடத்தை மாற்றிப் போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. துளையைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்க முடியாது. ஒன்றும் எழுதாமல் இந்த நோட்டை மூடி, முதல் சுற்றின் முப்பத்து மூன்று என்று போட்டால் அது நேர்மையாக இருக்கும். நேர்மையைக் குடித்து அந்தப் பேத்தி நடக்கப் பழகுவாள். சரி, அவளுக்காகவா இதைச் செய்யப் போகிறாய்? அவளுக்காக மட்டுமா? வேலை போனால் முதுகுளத்தூருக்குத் திரும்பிப் போய் யார் முகத்தில் விழிப்பது என்கிற பயம் இதில் எவ்வளவு? பாதியா, காலா? பாலில் கலந்த தண்ணீரை எந்தக் கையால் பிரிப்பது. இவர்களுடையது மரியாதையா, பயமா? வந்த வண்டியை வேண்டாம் என்றால் அடுத்த வண்டி வராது என்கிற பயத்துக்கு, மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்களா? மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேற கெணறு இருக்காய்யா. மணலில் தோண்டுகிற அந்தப் பள்ளம் இவர்களுக்கு இருக்கிறது, அம்மாவுக்கு அதுவும் இல்லை. டோரிக்காவின் நெற்றியிலிருந்து தண்ணீர் புருவத்தில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை; இரண்டு கையும் வாளியில் இருந்தன.

"இருநூற்று ஐம்பது" என்றான்.

தலைவி திரும்பிப் பெண்களிடம் சொன்னாள்.  டோரிக்காதான் முதலில் வாய் திறந்தாள்: இந்த ஊரில் அத்தனை தலையே இல்லையே. உள்ளே படுத்திருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள், வரும் என்றாள் மஞ்சள் கேன்காரி. எல்லாரும் சிரித்தார்கள், இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளாமல். அவனுக்கு முழுதும் புரிந்தது. வீட்டில் இருக்கிறவர்களையும் கூப்பிடச் சொல்லி ஒருத்தியை அனுப்பினார்கள். வாளியை இறக்கி, துணியை இறுக்கிக் கட்டி, நாளெல்லாம் ஆகும் என்று தெரிந்த வேலைக்குத் தயாராகிறவர்கள்போலத் தயாரானார்கள். கைப்பிடி ஏறி இறங்கத் தொடங்கியது. நச்சிசாலே குவளையை எடுத்துக்கொண்டு எழுந்து, தோப்பை நோக்கி நடந்தாள். எந்த மேட்டில் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

டோரிக்கா இன்னும் எதிரில் நின்றாள். அவன் கோடு போட்டான். அவள் போனாள். அடுத்தவள் வந்தாள். நான்கு நெட்டுக்கு, ஒன்று குறுக்கே. ஒரு வாளிக்கு இரண்டு கோடாகப் போட்டுவிடலாம், நேரம் மிச்சமாகும் என்று ஒரு எண்ணம் வந்தது, அதை விட்டான். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கோடுதான், அதில் மட்டும் பிசகக் கூடாது. தோப்புக்குப் பின்னால் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வெயில் முதுகிலிருந்து உச்சந்தலைக்கு வந்தது, வகிடு எடுத்த இடம் சுட்டது. வரிசையில் ஒரு சின்னப் பெண் செம்பளவு டப்பாவோடு வந்து நின்றாள், அதன் நிழல் நோட்டின்மேல் விழுந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, ஏதாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. கழுத்து எழவில்லை. அப்போதுதான், இத்தனை வருடம் கழித்து முதல் தடவையாக, அந்த அதிகாரிக்கும் தெரிந்திருக்குமோ என்று நினைத்தான். குடை நிழலில் உட்கார்ந்து, சாம்பல் விழுந்த தண்ணீர் குடம் குடமாக மேஜையைத் தாண்டிப் போக, எல்லாம் தெரிந்துதான் அவர் பதிவேட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையோ. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சிச்சேவாவில் கேட்டான், நோட்டைப் பார்த்துக்கொண்டே. இனிக்கிறது என்றாள் அந்தப் பெண். அவன் ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டான்.